தொடர்புகொள்ள முயன்றபோது

வேணுகோபால் சாரை ஒழித்துக்கட்டியது நான்தான் என்று ஹைதராபாத் பத்திரிகைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அவர்களில் பாதிப் பேர் அவர் கையால் வேலை கற்றவர்கள். மீதிப் பாதி அவர் மந்திரியிடம் போன பிறகு அனுப்பிய தீபாவளி ஸ்வீட் பெட்டியை வாங்கிக்கொண்டவர்கள். நான் இரண்டு பட்டியலிலும் உண்டு. அதனால் நடந்ததைச் சொல்ல எனக்குத்தான் அருகதை, இல்லாவிட்டால் எனக்கு மட்டும்தான் இல்லை. எதுவானாலும் சொல்லிவிடுகிறேன்.

'மூஸி மெயில்' என்ற ஆங்கில நாளிதழுக்கு அவர் பத்தொன்பது வருடம் ஆசிரியர். நான் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பெண். அப்பா எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இன்ஜினியர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஆட்டோவில் ஹிந்தி என்று வளர்ந்தவள். அந்த ஆபீசில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். என்னைத் திட்டும்போது மட்டும் தமிழுக்கு மாறுவார். மற்றவர்கள் முன்னால் எனக்கு மானம் போகக்கூடாது என்று பார்க்கிறாராம். அதை நான் பெரிய கருணையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் 'வெர்ஷன்' என்று ஒன்று உண்டு. யாரைப் பற்றிக் குற்றம் எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அந்த ஆளைக் கூப்பிட்டு, "உங்களைப் பற்றி இப்படி எழுதப்போகிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கவேண்டும். எல்லாப் பத்திரிகையிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் பெரும்பாலும் ஒப்புக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போன், அதுவும் இரண்டே ரிங். அப்புறம் செய்தியின் கடைசியில், 'தொடர்புகொள்ள முயன்றபோது அவர் பதிலளிக்கவில்லை' என்று ஒரு வரி. வேலை முடிந்தது.

வேணுகோபால் சாரிடம் இந்தப் பம்மாத்து நடக்காது. கையில் இருப்பதை ஒன்று விடாமல் கேள்வியாக எழுதி எதிராளிக்கு அனுப்பவேண்டும். நமக்குப் பாதகமான விஷயம் தெரிந்திருந்தால் அதையும் ஒளிக்காமல் சேர்க்கவேண்டும். பதில் வரும்வரை செய்தி நிற்கும். ஒரு முறை ஊரின் கிழக்கே உப்பலில் ஒரு ரேஷன் டீலரைத் திருடன் என்று எழுதிக்கொண்டு வந்தேன். டீலர் ஊரில் இல்லை. இரண்டு நாள் அந்த ஆளுடைய வீட்டு வாசலிலேயே சார் என்னை உட்காரவைத்தார். மூன்றாம் நாள் ஊர் திரும்பிய டீலர் பதறிப்போய் காகிதங்களைக் காட்டினார். திருடியது அவர் தம்பி. அன்றிலிருந்து நான் வேணுகோபால் சாருடைய பக்தை.

"அந்தக் கடைசி வரி இருக்கே, அது பொய் சொல்றதுக்கு மரியாதையான வழி, ஜலஜா. நான் இருக்கற வரைக்கும் என் பேப்பர்ல அது வரக்கூடாது" என்பார்.

வந்ததும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் நிர்வாகம் அவரைப் பெரிய புன்னகையோடு வெளியே அனுப்பியது. ஒரே மாதத்தில் மந்திரி ஒருவர் தன் செய்தித் தொடர்பு ஆலோசகராக அழைத்துக்கொண்டார். ஆபீசில் கேக் வெட்டினோம். "வெளிய இருந்து முப்பது வருஷம் கத்தியாச்சு. இனிமே உள்ள இருந்து உண்மையைச் சொல்லவைக்கப் போறேன்" என்று பேசினார். கை தட்டினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒன்றரை வருடம் கழித்து உப்பலில் ஒரு பெயின்ட் தின்னர் கம்பெனி எரிந்தது. செவ்வாய்க்கிழமை பகல் இரண்டரை மணிக்குப் பற்றிய தீ. நான்கு பேர் உடல் கிடைத்தது. பின்பக்கக் கோடவுன் கூரையோடு இடிந்து உட்கார்ந்துவிட்டது. கம்பெனி முதலாளி மந்திரியின் மச்சான் என்பது ஊருக்கே தெரியும்.

புதன்கிழமை காலை உலகநாதன் எங்கள் ஆபீசுக்கு வந்தார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ஜோலார்பேட்டை பக்கம். தமிழ் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

"எம்பொண்ணு காஞ்சனாம்மா. இருவத்து மூணு வயசு. பேக்கிங்ல வேலை. காலைல கேரியர் எடுத்துக்கினு போச்சி. வரவே இல்ல. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அங்க ரெஜிஸ்டரே கெடையாதாம். அன்னிக்கி அது வேலைக்கே வரலன்னு மேனேஜர் சத்தியம் பண்றான்."

போலீஸ் என்ன சொல்கிறது என்று கேட்டேன். காணாமல் போனவர்கள் பட்டியலில் எழுதிக்கொண்டார்களாம். அப்புறம் நான் கேட்காமலே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வீட்ல சண்டைம்மா. மாப்பிள்ள பாக்க வர்றாங்கன்னு சொன்னேன். வேணாம்னுது. கட்டாயப்படுத்துனா எங்கனா போய்டுவேன்னுது. கை நீட்டிட்டேன். பொறந்ததுலருந்து அடிச்சதில்ல. நீங்க நம்ம ஜனம்னு சொல்றேன், வேற யாருக்கும் தெரியாது. அது ஓடிப்போற பொண்ணு இல்லம்மா. உள்ளதான் இருக்குது. அதை மட்டும் எழுதுங்க. ஓடிப்போச்சின்னு யாரும் சொல்லக்கூடாது."

அவர் கேட்டது அவ்வளவுதான். மகள் உயிரோடு இருப்பாள் என்ற ஆசைகூட அவருக்கு இல்லை. அவள் பெயர் செத்தவர்கள் பட்டியலில் வரவேண்டும், அது போதும்.

நான் நேரே அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். தீப்பிடித்த இடத்தில் பொறுக்கியெடுத்த சாமான்கள் ஒரு மூலையில் கோணிமேல் கிடந்தன. செருப்புகள், ஒரு ஹெல்மெட், கருகிய டிபன் கேரியர். போட்டோ எடுக்கக்கூடாது என்றார் கான்ஸ்டபிள், பார்த்துக்கொள்ளச் சொன்னார். கேரியரின் மேல்தட்டில் பாத்திரக்கடையில் வெட்டிக்கொடுக்கும் எழுத்துகள் இருந்தன. "இது ஏதோ கீறல் மேடம்" என்றார் அவர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாது. அதில் 'உலகநாதன் – செல்லம்மா திருமணம். அன்பளிப்பு: பூபாலன்' என்று தெளிவாக இருந்தது.

உலகநாதனுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அழுகை. அவருடைய கல்யாணத்துக்கு ஒர்க்ஷாப் நண்பர் பூபாலன் கொடுத்த கேரியர். பூபாலன் இன்றும் பக்கத்துப் போர்ஷனில்தான் குடியிருக்கிறார். மகள் கொண்டுபோனது அதைத்தான்.

ஐந்தாவது சாவு. மந்திரியின் மச்சான் மறைத்த சாவு. எனக்கு வந்தது துக்கம் மட்டும் என்று சொன்னால் பொய். நல்ல செய்தி கிடைத்த நிருபருக்கு ஒரு சந்தோஷம் வரும். அது எனக்கும் வந்தது.

மந்திரி ஆபீசின் வெர்ஷன் வேண்டும். அங்கே அதற்குப் பொறுப்பு வேணுகோபால் சார். அவர் கற்றுக்கொடுத்தபடியே உட்கார்ந்து எழுதினேன். பாரா ஒன்று: ரெஜிஸ்டர் இல்லை. பாரா இரண்டு: கேரியர், அது எந்த மூலையில் எந்தக் கோணியில் கிடக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது. பாரா மூன்று: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சண்டை நடந்ததை அப்பாவே ஒப்புக்கொள்கிறார், 'எங்கேயாவது போய்விடுவேன்' என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், இதனால்தான் அவளைக் காணவில்லை என்பது உங்கள் தரப்பா? நமக்குப் பாதகமானதை ஒளிக்கக்கூடாதே. அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"பிரமாதம் ஜலஜா. பாரா மூணை வெச்ச பாரு, அதுதான் நேர்மை. உன் வயசுல எனக்கே அது வரலை. மந்திரி கிட்ட நேரா பேசி வாங்கித் தரேன். அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன். அதுவரைக்கும் ஹோல்ட் பண்ணு."

நெஞ்சு நிறைந்துபோனது. ஐந்து மணிக்கு அவர் கூப்பிடவில்லை. ஆறுக்கு நான் கூப்பிட்டேன். ஏழுக்கும், ஏழரைக்கும், எட்டுக்கும் கூப்பிட்டேன். எட்டே காலுக்குப் புது ஆசிரியர் மாதவ் வந்து, "பதிலளிக்கலைன்னு ஒரு லைன் போட்டு விட்டுடலாமா?" என்றார். அவர் அப்படிக் கேட்டது உண்மைதான். வேண்டாம், வெர்ஷன் வரட்டும், நாளைக்குப் போடலாம் என்று சொன்னது நான்தான். வேணுகோபால் சார் பாராட்டிய நேர்மையில் அன்று நான் மிதந்துகொண்டிருந்தேன். நான் காத்திருப்பேன் என்பது உலகத்தில் ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். என்னைக் காத்திருக்கப் பழக்கியவருக்கு.

வியாழன் காலை தெலுங்குச் சேனல்கள் எல்லாவற்றிலும் ஓடியது: உப்பல் பெண் மாயமானதில் காதல் விவகாரமா? கல்யாணப் பேச்சில் அப்பாவோடு சண்டை, 'எங்கேயாவது போய்விடுவேன்' என்று மிரட்டல், செவ்வாய் காலை ரயில்வே ஸ்டேஷனில் ஒரு ஆணோடு பார்த்ததாகத் தகவல். என் பாரா மூன்று, வரிக்கு வரி. ரயில்வே ஸ்டேஷன் மட்டும் வேணுகோபால் சாரின் கைவண்ணம்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். கோணியில் செருப்புகளும் ஹெல்மெட்டும் இருந்தன. கேரியரா, எந்தக் கேரியர் என்றார் கான்ஸ்டபிள், என் முகத்தைப் பார்க்காமல். பட்டியலில் அப்படி ஒரு பொருளே இல்லை. என் கண்ணால் பார்த்தேன் என்று எழுத முடியாது என்று மாதவ் கைவிரித்துவிட்டார். செய்தி அங்கேயே செத்தது.

உலகநாதன் சாயங்காலம் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்டிம்மா தெரியும் அவங்களுக்கு? உங்களத் தவிர யார்கிட்டயும் சொல்லலையே" என்றார். நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன். அவரே தலையை ஆட்டினார். "சேச்சே, உங்களச் சொல்லல. பக்கத்துப் போர்ஷன்ல எல்லாம் கேக்கும். பூபாலந்தான். அவன் மச்சினன் டிவி ஆபீஸ்ல வண்டி ஓட்றான். நாப்பது வருஷ பழக்கம், இப்டிப் பண்ணிட்டான்."

"இல்லைங்க, நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விநாடி. "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு செல்லம்மா தெருக்குழாய்ப் பக்கம் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஓடுகாலியைப் பெற்றவள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பூபாலன் வீட்டோடு பேச்சு வார்த்தை நின்றது. வேணுகோபால் சாரிடமிருந்து எனக்குத் தீபாவளிக்கு முந்திரி கேக் வந்தது. நான் திருப்பி அனுப்பவில்லை. ஆபீசில் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். நானும் ஒன்று தின்றேன்.

பதினொரு மாதம் கழித்து, இடிந்த கோடவுனை அள்ளும்போது எலும்புகளும் ஒரு கொலுசும் கிடைத்தன. உலகநாதனின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார்கள். காஞ்சனாதான்.

மந்திரி மறுநாள் காலையே நிருபர்களைக் கூட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தவறான தகவல் கொடுத்தது என் ஆலோசகர். சேனல்களுக்குக் கொடுத்ததும் அவர்தான். எனக்குத் தெரியாமல் நடந்தது. அவரை நீக்கிவிட்டேன்" என்றார். வேணுகோபால் என்ற பெயரை இரண்டு முறை சொன்னார்.

நான் அப்போது சிட்டி எடிட்டர். செய்தி என் கையில். வெர்ஷனுக்காக அவரைக் கூப்பிட்டேன், பகல் பன்னிரண்டு மணிக்கு. முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"நீ கூப்பிடுவேன்னு தெரியும். மத்தவன் ஒருத்தனும் கூப்பிடலை. வீட்டுக்கு வா."

மாரெட்பள்ளியில் இரண்டாம் மாடி ஃபிளாட். இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இரண்டு போன். எடுத்த எடுப்பில் காட்டினார். அவருக்கும் மந்திரிக்கும் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், தேதி நேரத்தோடு. 'கேரியர் போயாச்சு. இனி பெண்ணைக் கவனியுங்கள்' என்று மந்திரி அனுப்பியிருந்தார். கீழே, 'காலைக்குள் எல்லாச் சேனலிலும் வந்துவிடும்' என்று இவர். மந்திரியைத் தூக்கி உள்ளே போட அது போதும்.

"எல்லாத்தையும் உனக்கு அனுப்பறேன். முழுசாப் போடு" என்றார்.

"அந்தப் பொண்ணு ஓடிப்போகலைன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்னு எப்படிச் சொல்ல முடியும்? என்கிட்ட இருந்தது ஒரு சோர்ஸ். அதை யூஸ் பண்ணேன். நானா எதையும் கற்பனை பண்ணலை, ஜலஜா. சண்டை, போய்டுவேன்னு சொன்னது, எல்லாம் உன் கேள்வியில இருந்ததுதான். பாரா மூணு." திரையை மேலே தள்ளினார். என் மெயிலின் படம். பாரா மூன்றைச் சுற்றி மஞ்சள் கோடு. மந்திரிக்கு இவர் அனுப்பியது. "இதையும் என் வெர்ஷன்ல சேர்த்துக்கோ. தகவல் 'மூஸி மெயில்' நிருபர் மூலமா வந்ததுன்னு தெளிவா எழுது. நமக்குப் பாதகமானதை ஒளிக்கக்கூடாது, ஞாபகம் இருக்கில்ல?"

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பாடம் நடத்தினார். அந்த நிமிடம் அவரை நான் வெறுத்த மாதிரி வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. அதோடு பயமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வெர்ஷனைப் போட்டால் மந்திரி போவார், கூடவே நானும் போவேன். உலகநாதன் அதைப் படிப்பார்.

வாசல்வரை வந்தார். "நாலு மணிக்குள்ள எழுதிடு. கடைசி நேரத்துல வெச்சுக்காதே" என்றார்.

நாலு மணிக்குள் எழுதிவிட்டேன். காஞ்சனாவின் பெயர், வயது, படம், அவள் ஓடிப்போகவில்லை என்ற தலைப்பு. மந்திரியின் கண்ணீர். ஆலோசகரின் சூழ்ச்சி. கடைசியில் அந்த வரி: 'தொடர்புகொள்ள முயன்றபோது வேணுகோபால் பதிலளிக்கவில்லை.'

"அவரா எடுக்கலை?" என்றார் மாதவ்.

"எடுக்கலை" என்றேன்.

மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ்: 'ஜலஜா, கடைசி வரி.' அவ்வளவுதான். நான்கு நாள் கழித்து மறுப்புக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. மறுப்புகள் என் மேஜைக்குத்தான் வரும். டிராயரில் வைத்துப் பூட்டினேன். மற்ற பத்திரிகைகளுக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு அலைந்தார். சொந்தச் சிஷ்யைக்கே போனை எடுக்காத ஆள் இப்போது வந்து படம் காட்டினால் யார் நம்புவார்? போலி என்று மந்திரியின் வக்கீல் நோட்டீஸ் விட்டதும் ஒருவரும் தொடவில்லை. முப்பது வருடம் சம்பாதித்த பெயர் ஒரு வரியில் போனது. அவருக்குக் கோடவுனில் கிடந்த எலும்பளவு மரியாதைகூட மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் மந்திரியின் பி.ஏ. கூப்பிட்டார். சாருக்கு என் ரிப்போர்ட் ரொம்பப் பிடித்ததாம், நியாயமாக இருந்ததாம். ஆலோசகர் இடம் காலி. வியாழன் பதினோரு மணிக்கு வர முடியுமா என்று தெலுங்கில் குழைந்தார். வருகிறேன் என்றேன்.

வியாழன் பத்து மணிக்கு உலகநாதன் வந்தார். செய்தி வந்த பேப்பர் இரண்டு வேண்டும் என்றார். ஒன்று செல்லம்மாவுக்கு, ஒன்று ஜோலார்பேட்டைக்கு அனுப்ப. கசங்காத பிரதிகளாகத் தேடிக் கொடுத்தேன். காஞ்சனாவின் படத்தைக் கையால் தடவினார்.

"நீங்க ஒருத்திதாம்மா சொன்ன வார்த்தையக் காப்பாத்தினது" என்றார். போகாமல் நின்றார். "பூபாலன் நேத்து வந்தான். பேப்பரக் கையில வெச்சிக்கினு வாசல்ல நின்னு அழுவுறான். நான் சொல்லலடான்னு சாமி மேல சத்தியம் பண்றான். நான் கதவத் தொறக்கல. அப்புறம் மனசு கேக்கல. அவன் இல்லன்னா அந்த ஆலோசகருக்கு வேற யார் சொல்லியிருப்பாங்க? நீங்க படிச்சவங்க, விசாரிச்சிருப்பீங்க. நீங்களே சொல்லுங்கம்மா."

என்னை நம்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அவர்தாங்க" என்றேன். "கதவைத் தொறக்காதீங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார். பேப்பர் மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி படி இறங்கினார். நான் பின்வாசல் வழியாக வந்து ஆட்டோ பிடித்தேன். வழியில் போன் அடித்தது, வேணுகோபால் சார். அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பதிலளிக்கவில்லை. இந்த முறை அந்த வரி உண்மை.